எங்கள் ஊரில் ஹைட்ரேஞ்சியாவைக் கொல்வது குளிர் அல்ல, கத்தி

 

கொஞ்சம் நீளமான பதிவு. பூச்செடி விஷயம்தானே என்று தாண்டிப் போய்விடாதீர்கள். பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்புகிறவர்கள், அபிவிருத்திச் சங்கத்தில் இருப்பவர்கள், சிரமதானத்துக்குக் கத்தியும் மண்வெட்டியுமாக வருகிறவர்கள் கட்டாயம் வாசியுங்கள்.

டிசம்பர் வந்ததும் எங்கள் வட்ஸ்அப் குழுக்களில் ஒரு வீடியோ சுற்றத் தொடங்கிவிடும். வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் யாராவது அனுப்பியிருப்பார்கள். குளிர்காலத்தில் ஹைட்ரேஞ்சியாவைப் பாதுகாப்பது எப்படி என்று ஒருவர் செய்து காட்டுகிறார். செடியைச் சுற்றிக் கம்பிவலை அடிக்கிறார், உள்ளே காய்ந்த இலையை நிரப்புகிறார், வெளியே சாக்கைச் சுற்றிக் கயிறு கட்டுகிறார். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு ஓப்பநாயக்கவில் இரண்டு மூன்று வாசல்களில் ஹைட்ரேஞ்சியாவுக்குப் பொலித்தீன் உறை மாட்டியிருக்கிறார்கள். பகல் வெயில் பட்டதும் உறைக்குள் ஆவி பிடித்து இலை வெந்து கறுத்துப் போகிறது. “பனியில் செத்துவிட்டது டீச்சர்” என்கிறார்கள்.

எங்கள் ஊரில் ஏது பனி? பெல்மதுளையிலிருந்து பலாங்கொடை போகிற பாதையில் இருக்கிற ஊர் இது. டிசம்பர், ஜனவரியில் விடியற்காலையில் போர்வையை இழுத்து மூடத் தோன்றும், அவ்வளவுதான். செடியின் உயிரைத் தொடுகிற குளிர் இங்கே வராது. இங்கே ஹைட்ரேஞ்சியா சாவதற்குக் காரணங்கள் வேறு. அவற்றில் பெரும்பாலானவை நாங்கள் கையால் செய்பவை. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் அந்த வீடியோக்காரரைக் குறை சொல்ல வேண்டாம். அவருடைய ஊருக்கு அவர் செய்வது சரி. ஏன் சரி என்று விளங்கிக்கொண்டால் எங்கள் ஊருக்கு என்ன செய்வது என்பதும் விளங்கிவிடும்.

நாங்கள் சாதாரணமாகப் பார்க்கும் பெரிய இலை ஹைட்ரேஞ்சியா ஜப்பானின் கடலோரப் பகுதிகளுக்கு உரியது. ஜூன் மாத மழைக்காலத்தில் அங்கே பூத்துக் குலுங்கும். துன்பேர்க் என்ற சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் 1775இல் ஜப்பான் போய் அங்குள்ள செடிகளைப் படித்தார். திரும்பும் வழியில் 1777இல் இலங்கைக்கும் வந்தார். 1784இல் அவர் வெளியிட்ட ஜப்பான் தாவரங்கள் பற்றிய நூலில் இந்தச் செடி இருக்கிறது. ‘ஹைட்ரேஞ்சியா’ என்ற பெயர் கிரேக்க மொழியில் தண்ணீரையும் பாத்திரத்தையும் குறிக்கும் இரண்டு சொற்கள் சேர்ந்தது. விதைக்கூடு குடம் மாதிரி இருப்பதால் அந்தப் பெயர் வந்ததாகச் சொல்வார்கள். ஆனாலும் தண்ணீர் இல்லாமல் ஒரு மதியம்கூடத் தாங்காத செடிக்கு அது பொருத்தமான பெயர்தான்.

கடலோரத்தில் பிறந்த செடி என்பதால் மிதமான குளிரைத் தாங்கும், கடுங்குளிரைத் தாங்காது. இந்த இனத்தின் பெரும்பாலான வகைகளில் அடுத்த பருவத்துப் பூவுக்கான மொட்டு முன்கூட்டியே உருவாகி, பழைய கிளையின் நுனியில் ஒளிந்திருக்கும். குளிர்நாடுகளில் கோடை முடியும்போது மொட்டு உருவாகிவிடும். பிறகு இலை எல்லாம் கொட்டி வெறும் குச்சியாக நான்கைந்து மாதம் நிற்கும். பார்க்கிறவனுக்கு அது செத்த குச்சி. அதன் நுனியில்தான் அடுத்த வருடத்துப் பூ முழுவதும் இருக்கிறது. கடுங்குளிர் அந்த நுனியைக் கொன்றுவிட்டால் அடியிலிருந்து புதுத் தளிர் வரும், செடி பிழைக்கும், ஆனால் அந்த வருடம் பூ இருக்காது.

அதனால்தான் அவர்கள் சாக்குச் சுற்றுகிறார்கள். காய்ந்த பூவைக்கூட வெட்டாமல் வசந்தகாலம் வரை விட்டுவைக்கிறார்கள். அது நுனிமொட்டுக்குக் குடை பிடிக்கிறது. இந்தத் தொல்லை தாங்காமல்தான் புதுக் கிளையிலும் பூக்கிற வகைகளைத் தேடினார்கள். அமெரிக்காவில் குளிருக்குப் பேர்போன மினசோட்டா மாநிலத்து நாற்றுப்பண்ணை ஒன்றில் கிடைத்த அப்படியான ஒரு வகை 2004இல் ‘எண்ட்லஸ் சம்மர்’ என்ற பெயரில் சந்தைக்கு வந்தது.

ஆகவே அந்த வீடியோவில் நாங்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் சாக்கு அல்ல. நுனியைக் காப்பாற்று, அதுதான் பாடம். சாக்கு அந்த ஊரின் விடை. எங்கள் ஊருக்கு விடை வேறு.

எங்கள் நாட்டிலும் பனியால் செடி கருகும் இடம் இருக்கிறது. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரியில் மேகமும் காற்றும் இல்லாத இரவுகளில் தரை தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடும். குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் தண்ணீர் மாதிரி இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஆள் உயரத்தில் வெப்பமானி இரண்டு மூன்று பாகை காட்டும்போதே புல்நுனியில் தண்ணீர் உறைந்துவிடும். காலையில் புல்வெளி வெள்ளை விரித்த மாதிரி இருக்கும். வெயில் ஏறினால் உருளைக்கிழங்குச் செடியும் தேயிலைத் தளிரும் கருகிப்போயிருப்பது தெரியும். அங்கே வீட்டு வாசலில் ஹைட்ரேஞ்சியா வைத்திருப்பவர்களுக்கு இந்த ஆலோசனைகள் பொருந்தும். பகலில் மண்ணுக்குத் தண்ணீர் விடுங்கள், ஈரமண் சூட்டைக் கூடுதலாகச் சேர்த்து வைக்கும். மாலையிலேயே இலையில் படாதபடி பந்தல் மாதிரிச் சாக்கைப் போட்டு, காலையில் எடுத்துவிடுங்கள். மரநிழலில் இருக்கும் செடிக்கு அந்த மரமே கூரை. கருகிய இலையைப் பனிக்காலம் முடியும்வரை வெட்டாதீர்கள்.

கடலுக்கு அந்தப் பக்கம் ஊட்டியிலும் இதே கதைதான். 1848இல் தொடங்கிய அந்தத் தாவரவியல் பூங்காவில் பனிக்காலம் வந்தால் தொழிலாளர்கள் காய்ந்த மிலாறுகளை அலங்காரச் செடிகளின்மேல் வேய்ந்து மூடிவைப்பார்கள். காலையில் வெயில் ஏறுவதற்குள் தண்ணீர் தெளிப்பார்கள். மிலாறு என்ற சொல்லைக் கேட்டதும் தோட்டத்து உறவுகளுக்குச் சிரிப்பு வரும். தேயிலை கவ்வாத்து வெட்டினால் கீழே விழுவதைத்தானே நாங்கள் மிலாறு என்கிறோம். எங்களுக்கு அது அடுப்புக்கு விறகு. அங்கே அது செடிக்குப் போர்வை.

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன்.

குளிரிலிருந்து காப்பாற்றுவதைப் பற்றி நாங்கள் கவலைப்படுகிறோம். உண்மையில் இந்தச் செடிக்கு எங்கள் ஊரில் இருக்கும் குறை, குளிர் போதாததுதான். பெரிய இலை ஹைட்ரேஞ்சியாவின் நுனியில் பூமொட்டு உருவாக, சுமார் 18 பாகை செல்சியசுக்குக் குறைந்த குளிர்ச்சி பல வாரங்களுக்கு வேண்டும். நுவரெலியாவின் வருடச் சராசரியே சுமார் 16 பாகை. எங்கள் இரத்தினபுரிப் பக்கத்தில் இரவிலும் 20 பாகைக்கு மேல்தான். ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியா போய், வேன் நிறைய நீலப்பூச் செடி வாங்கிவந்து, இங்கே மூன்று வருடம் வளர்த்தும் பூவே வரவில்லை என்று மனம் நொந்துபோனவர்கள் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் கையில் குறை இல்லை. செடி குளிருக்குக் காத்திருக்கிறது, அது வருவதில்லை.

பலாங்கொடைக்கு மேலே பின்னவல பக்கம், ஹப்புத்தளைப் பக்கம் ஏற ஏற நிலைமை மாறும். எங்கள் தாழ்ந்த இடத்தில் அந்தச் செடி சொந்த ஊரை விட்டு வந்த விருந்தாளி. விருந்தாளியை வைத்துக்கொள்வதென்றால் அதற்கு எது ஒத்துவராது என்று தெரிந்திருக்க வேண்டும். நான் பார்த்தவரை மூன்று விஷயம் அதைக் கொல்கிறது.

முதலாவது ஜனவரி முதல் மார்ச் வரை உள்ள வெயில். மே தொடங்கி செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழையும், ஒக்டோபர், நவம்பரில் இடிமழையும் எங்களுக்குத் தாராளம். அதற்குப் பிறகு வானம் வெளுத்துவிடும். அகலமான, மெல்லிய இலை உள்ள செடி இது. பதினொரு மணி வெயிலில் இலை துணி மாதிரித் தொங்கிவிடும். சீமெந்து முற்றத்தில் கறுப்புப் பிளாஸ்டிக் சாடியில் வைத்திருந்தால் வேரே சூடேறும். வெளிநாட்டுக்காரர் குளிர்காலத்தில் செய்யும் காவலை நாங்கள் வெயில்காலத்தில் செய்ய வேண்டும். அவர் இலைச்சருகை நிரப்புவது குளிருக்கு, நாங்கள் அதே சருகை அடியில் பரப்புவது ஈரத்துக்கு. அவர் மேலே சாக்குப் போடுவது பனிக்கு, நாங்கள் தென்னோலையால் பந்தல் போடுவது வெயிலுக்கு.

இரண்டாவது கத்தி. இதைத்தான் தலைப்பில் வைத்திருக்கிறேன்.

எங்கள் பகுதியில் கத்தி பிடிக்கத் தெரியாத வீடு இல்லை. கவ்வாத்து எங்கள் இரத்தத்தில் ஊறிய வேலை. ஆனால் தேயிலைக்கு எங்களுக்கு வேண்டியது இலை. நுனியைக் கிள்ளக் கிள்ளக் கொழுந்து வரும். சில வருடத்துக்கு ஒருமுறை முழுசாக வெட்டிவிட்டால் புதுத் தெம்போடு தளிர்க்கும். அதே கையோடு ஹைட்ரேஞ்சியாவைத் தொட்டால் அது அநியாயம். இதற்கு எல்லாமே நுனிதான். நுனியை வெட்டினால் அடுத்த பூவை வெட்டினோம் என்று அர்த்தம். செடி சாகாது, நன்றாகத் தளிர்க்கும், பச்சைப்பசேல் என்று நிற்கும், பூக்காது. உரத்திலும் இதே பிழை நடக்கிறது. தேயிலைக்கு வாங்கிய உரத்தில் மிச்சம் இருப்பதை அள்ளிப் போடுகிறோம். அது இலைக்கான உரம், நைதரசன் கூடியது. இலைதான் வரும்.

என்னுடைய மாணவி ஒருத்தியின் தாத்தா பல வருடம் பங்களாத் தோட்டக்காரராக வேலை செய்து ஓய்வு பெற்றவர். பெற்றோர் கூட்டத்துக்கு வந்தவர் பாடசாலை வாசலில் மொட்டையாக நின்ற செடியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “டீச்சரம்மா, கொழுந்துச் செடிக்கு வெட்டுனா வாழ்வு. இதுக்கு வெட்டுனா வருசம் பூரா வெறும் எல. பூ வாடின ஒடன தலைய மட்டும் கிள்ளி வுடணும். குளிரு மாசம் வந்துட்டா கத்தியே வைக்கக் கூடாது.”

நான் மேலே இத்தனை பந்தியில் எழுதியதை அவர் நான்கு வரியில் சொல்லிவிட்டார். எந்தக் கல்லூரியிலும் அவருக்குச் சான்றிதழ் கொடுக்கவில்லை. மலையகத்துப் பெரிய பங்களாக்களின் வேலியோரம் நீலமும் இளஞ்சிவப்புமாகப் பூத்து நிற்கும் ஹைட்ரேஞ்சியாவைப் படம் பிடித்துப் போடுகிறோம். அதை நட்டு, தண்ணீர் சுமந்து, சருகு போட்டு, எப்போது வெட்டுவது, எப்போது வெட்டாமல் விடுவது என்று பார்த்துப் பார்த்து வளர்த்தது இவரைப் போன்றவர்கள்தான். படத்தின் கீழே யாரும் அவர்கள் பெயரைப் போடுவதில்லை.

அப்படி வளர்த்தவரின் லயத்து வாசலில் செடி எதில் நிற்கிறது தெரியுமா? பெயின்ட் வாளியிலும் பால்மா டின்னிலும். ஏனென்றால் நட மண் இல்லை. மண்ணில் நட்டால் இருபது முப்பது வருடம் நிற்கிற செடி இது. காலுக்குக் கீழே தன்னுடைய மண் இல்லாதவர் அதை டின்னில்தான் வைக்க முடியும். 2015க்குப் பிறகு 7 பேர்ச்சஸ் காணியோடு தனிவீடு என்ற கொள்கை வந்தது, சில இடங்களில் வீடுகளும் எழும்பின. இன்னும் காத்திருக்கும் லயங்கள் ஏராளம். பூச்செடிக்கும் காணிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். செடியைப் பருவம் தாண்டிக் காப்பாற்றுவது என்றால், அடுத்த வருடமும் நான் இதே இடத்தில்தான் இருப்பேன் என்ற நிச்சயம் வேண்டும். அந்த நிச்சயம் உள்ளவன்தான் இன்றைக்கு வெறும் குச்சியாக நிற்பதற்குத் தண்ணீர் ஊற்றுவான்.

மூன்றாவது காரணம்தான் எனக்கு அதிகம் வலிக்கிறது. அது நாங்கள் நடத்தும் விழாக்கள்.

ஒரு பாடசாலையின் பெயரையும் நான் சொல்லப் போவதில்லை. நான் பார்த்த பல பாடசாலைகளில் இதே வழக்கம்தான். பரிசளிப்பு விழா வருகிறது, அல்லது மேலிடத்திலிருந்து யாரோ பார்க்க வருகிறார்கள். முதல் வாரம் சிரமதானம். இருக்கிற செடியையெல்லாம் ஒரே மட்டத்துக்கு வெட்டிச் சுத்தம் பண்ணுவார்கள். அடுத்த பருவத்து மொட்டு இருந்தால் அதுவும் அன்றோடு குப்பைமேட்டுக்குப் போகும். பிறகு வாசல் வெறிச்சென்று இருக்கிறதே என்று, மலைநாட்டிலிருந்து பூவோடு வந்த சாடிகளைக் காசு கொடுத்து வாங்கி வரிசையாக அடுக்குவார்கள். அதிதிகள் வருவார்கள், படம் எடுப்பார்கள், போவார்கள். அடுத்த நாள் அந்தச் சாடிகள் கட்டடத்துக்குப் பின்னால். ஆண்டிறுதி விடுமுறை தொடங்கும். திரும்பி வரும்போது சாடியில் காய்ந்த குச்சி. “குளிருக்குச் செத்துவிட்டது.”

அந்தக் காசு யாருடையது? பெற்றோர் தந்த காசு. நாட்சம்பளத்தை 1,000 ரூபாய் ஆக்கி 2021இல் வர்த்தமானி வரும்வரை எத்தனை வருடம் தெருவில் நின்றார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். கொழுந்துக் கூடை சுமக்கிற ஒரு தாய் தந்த காசில் வாங்கிய செடி, ஒரு நாள் காலை அழகுக்காக நின்று செத்துப் போகிறது. அழகு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தோட்டப் பாடசாலைப் பிள்ளைக்கும் பூத்த வாசல் வேண்டும், ஒருவேளை மற்றவர்களைவிடக் கூடுதலாகவே வேண்டும். ஆனால் அந்தப் பூ பிள்ளைக்காக இருக்க வேண்டும், வருகிற விருந்தாளிக்காக அல்ல.

காசைவிடப் பெரிய நட்டம் ஒன்று இருக்கிறது. பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பூ என்பது யாராவது பெரியவர் வரும்போது வாங்கி வைப்பது என்று கற்றுக்கொள்கிறார்கள். வெறும் குச்சி என்றால் வெட்டிப் போட வேண்டியது என்று கற்றுக்கொள்கிறார்கள். விஞ்ஞானப் புத்தகத்தில் அரும்பு, நுனிவளர்ச்சி எல்லாம் படம் வரைந்து பெயர் குறித்துப் புள்ளி எடுக்கும் பிள்ளை, வாசலில் நிற்கும் குச்சியின் நுனியைத் தடவிப் பார்த்ததே இல்லை. நான் பத்தனையில் கல்வியியற் கல்லூரியில் படித்த காலத்தில் செயலூடாகக் கற்றல் பற்றி எத்தனையோ ஒப்படை எழுதியிருக்கிறோம். அந்தச் செயல் வாசலிலேயே நிற்கிறது. நாங்கள் அதை வெட்டிச் சுத்தம் பண்ணிக்கொண்டிருக்கிறோம்.

இதற்கு எதிராக இரண்டு கருத்து வரும் என்று தெரியும்.

ஒன்று, “எங்கள் ஊருக்குப் பொருந்தாத செடி என்றால் விட்டுவிடலாமே. அந்தூரியம், ஓர்க்கிட், செவ்வரத்தை, இக்சோரா எல்லாம் இங்கே தானாகவே வருகிறதே.” நியாயமான கேள்வி. என் பதிலும் பெரும்பாலும் ஆம்தான். தாழ்ந்த இடத்தில், வெயில் வாசலில், புதிதாகத் தொடங்குகிறவர்கள் அவற்றையே நடுங்கள். ஆனால் ஏற்கனவே வாங்கி வைத்திருக்கிற செடியைத் தெரியாத்தனத்தால் சாகவிடுவது வேறு, தெரிந்து விட்டுவிடுவது வேறு. கொஞ்சம் உயரத்தில், ஓடைக் கரையில், மரநிழலில் இருப்பவர்கள் முயன்று பார்க்கலாம். பூக்குலை பெரிதாக வராவிட்டாலும் செடி நன்றாக நிற்கும்.

மற்றது, “விடுமுறையில் யார் தண்ணீர் ஊற்றுவது? எல்லாம் டீச்சர்மார் தலையிலா?” இதற்குத்தான் கீழே சில யோசனைகள். முதலில் செடிக்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

இடம்: காலை வெயில் ஒன்பது பத்து மணிவரை படட்டும், மதிய வெயில் வேண்டாம். வீட்டின் கிழக்குப் பக்கம், மரத்தின் ஓரம் நல்லது. மழைக்காலத்தில் தண்ணீர் தேங்காமல் கான் வெட்டி விடுங்கள். வேர் அழுகினாலும் இலை வாடித்தான் தொங்கும். அதைப் பார்த்துத் தண்ணீர் போதவில்லை என்று இன்னும் ஊற்றாதீர்கள். முதலில் மண்ணைத் தொட்டுப் பாருங்கள்.

சாடி: கறுப்புப் பிளாஸ்டிக்கை விட மண்சாடி நல்லது. பிளாஸ்டிக்தான் இருக்கிறது என்றால் வெளியே ஈரச்சாக்கைச் சுற்றுங்கள். பாருங்கள், சாக்குக்கும் எங்கள் ஊரில் வேலை இருக்கிறது. ஆனால் அது சாடிக்கு, தலைக்கு அல்ல.

தண்ணீர்: ஜனவரி முதல் மார்ச் வரை விடியற்காலையில் அடியில் ஊற்றுங்கள். அடியைச் சுற்றி நான்கு விரல் கனத்துக்குச் சருகு போடுங்கள், தண்டில் முட்டாமல்.

மண்: தேயிலை நன்றாக வளரும் புளித்த மண்ணில் இதுவும் சந்தோஷமாக வளரும். அந்த மண்ணில் பூ நீலமாக வரும், ஏனென்றால் புளித்த மண்ணில்தான் அலுமினியம் கரைந்து வேருக்குக் கிடைக்கிறது. டொலமைற்றோ அடுப்புச் சாம்பலோ தொடர்ந்து போட்டால் மண்ணின் புளிப்புக் குறைந்து இளஞ்சிவப்பாகும். வெள்ளைப்பூ வகை பெரும்பாலும் நிறம் மாறாது. தரம் எட்டு ஒன்பது பிள்ளைகளுக்கு அமிலம், காரம் படிப்பிக்க இதைவிடச் செலவில்லாத பாடம் எனக்குத் தெரியவில்லை.

கத்தி: பூ வாடியதும் பூத்தலைக்குச் சற்றுக் கீழே, முதலாவது தடித்த அரும்புச் சோடிக்கு மேலே வெட்டுங்கள். மிகப் பழைய, நோஞ்சான் தண்டுகளை மட்டும் அடியோடு எடுக்கலாம். நவம்பர் தொடங்கினால் கத்தியை வைத்துவிடுங்கள்.

கன்று: காசு கொடுத்து வாங்கவே தேவையில்லை. பூக்காத கிளையில் ஒரு சாண் நீளத்துக்குச் சற்றுக் குறைவாக ஒரு துண்டு எடுங்கள். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, மேல் இலையைப் பாதியாக வெட்டி, மணலும் மண்ணும் கலந்த ஈரத்தில் நிழலில் ஊன்றுங்கள். மூன்று நான்கு வாரத்தில் வேர் பிடிக்கும். மழைக்காலம் இதற்கு நல்ல நேரம்.

ஒரு எச்சரிக்கை: இந்தச் செடியில் நஞ்சு உண்டு. வெட்டிய இலையை ஆடு மாட்டுக்குப் போடாதீர்கள். சின்னப் பிள்ளைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி என் யோசனைகள். எந்தப் பாடசாலைக்கும், எந்தப் பள்ளிவாசலுக்கும், கோயிலுக்கும், விகாரைக்கும் பொருந்தும்.

விழாவுக்காகப் பூத்த சாடி வாங்குவதை நிறுத்துவோம். அந்தக் காசில் பாதியைச் செலவழித்தாலே தென்னோலைப் பந்தலும் மண்சாடியும் கிடைக்கும். கன்று வீட்டுக்கு வீடு இருக்கிறது.

சிரமதானத்துக்கு முன்பு, எதை வெட்டக் கூடாது என்று ஒரு பிள்ளை போய் ஒவ்வொரு செடியிலும் சிவப்புத் துணி கட்டட்டும். கத்தி பிடிக்கிற அப்பாமாரைப் பிள்ளைகள் தடுத்து நிறுத்துவது நல்ல காட்சி.

விடுமுறை தொடங்கும் நாளில் செடியைப் பாடசாலையில் அநாதையாக விடாமல், பெயர் எழுதிப் பிள்ளைகளின் வீட்டுக்கு அனுப்புவோம். லயத்து வாசலில் பீலித் தண்ணீர் கிடைக்கிற பிள்ளைக்கு ஒன்று, ஊர்ப்பக்கத்தில் கிணறு உள்ள பிள்ளைக்கு ஒன்று. தவணை தொடங்கும்போது திரும்பி வரட்டும். யாருடைய செடி எப்படி வந்தது, ஏன் அப்படி என்று ஒரு பாடவேளை பேசுவோம். செத்துப்போனால் தண்டனை வேண்டாம், ஏன் செத்தது என்று கண்டுபிடிக்கட்டும். அந்தப் பதிலும் பாடம்தான்.

பள்ளிவாசலில் வுழூ செய்த தண்ணீர் அப்படியே கானுக்குப் போகிறது. அதைச் சின்னக் குழாய் வைத்து ஒரு பாத்திக்குத் திருப்பினால் வெயில் மாதங்களில் ஒரு வரிசைச் செடிக்குப் போதும். நிர்வாகத்தில் உள்ள சகோதரர்கள் யோசியுங்கள்.

கடைசியாக ஒன்று, எனக்கு இதுதான் முக்கியம். பங்களாத் தோட்டங்களில் வேலை செய்து ஓய்வு பெற்ற பெரியவர்கள், அம்மாமார் எங்கள் நடுவில் இன்னும் இருக்கிறார்கள். பரிசளிப்பு விழாவுக்கு அழைக்கும் அதிதிகளில் ஒருவராக அவர்களில் ஒருவரையும் அழைப்போம். மேடையில் பொன்னாடை போர்த்திவிட்டு அனுப்பிவிடாமல், அடுத்த வாரம் ஒரு காலைப்பொழுது பிள்ளைகளோடு வாசலில் நிற்கச் சொல்வோம். குச்சியைக் காட்டி, இதில் எங்கே பூ இருக்கிறது என்று அவர் கேட்கட்டும். பிள்ளைகள் தேடட்டும். வெளிநாட்டு வீடியோ தரக்கூடியதெல்லாம் அவர் நாவில் இருக்கிறது, அதுவும் எங்கள் மண்ணுக்கு ஏற்ற மாதிரி. ஒரு தலைமுறையாக இவர்கள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருப்பதை இப்போது கேட்டு எடுக்காவிட்டால், எங்கள் பிள்ளைகள் மினசோட்டாவில் இருப்பவரைக் கேட்டு ஓப்பநாயக்கவில் சாக்குச் சுற்றிக்கொண்டுதான் இருப்பார்கள்.

உங்கள் வீட்டில் பெரியவர்கள் யாராவது பங்களாத் தோட்டத்தில் வேலை செய்திருந்தால், அவர்கள் சொல்லும் ஒரு குறிப்பைக் கேட்டு இங்கே கீழே எழுதுங்கள். ஹைட்ரேஞ்சியா என்றில்லை, எந்தச் செடியானாலும் சரி. நான் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு கொப்பியில் எழுதி வகுப்பில் வைக்கப் போகிறேன். கன்று வேண்டியவர்கள் மழை தொடங்கியதும் சொல்லுங்கள், கிளை வெட்டித் தருகிறேன். பூக்காத கிளையாகப் பார்த்துத்தான்.